ஹீட்சிங்கை முதலில் முடிவு செய்யுங்கள், பெட்டி அதற்குப் பிறகு

வீட்டில் பவர் ஆம்ப்ளிஃபையர் கட்டுகிறவர்களில் பெரும்பாலோர் வாங்கும் வரிசையே தலைகீழாக இருக்கிறது. முதலில் போர்டு, அடுத்து டிரான்ஸ்ஃபார்மர், பிறகு பார்வைக்கு நன்றாக இருக்கும் ஒரு கேபினெட். கடைசியில் அந்தக் கேபினெட்டுக்குள் எது நுழையுமோ அதுதான் ஹீட்சிங்க், அதாவது டிரான்சிஸ்டரின் சூட்டை வாங்கிக் காற்றில் விடும் அலுமினியத் துண்டு. ஏப்ரல், மே மாதங்களில் செட் சூடாகிச் சத்தம் கரகரப்பதற்கும், ஒரு சேனல் மட்டும் போய்விடுவதற்கும் காரணம் பல நேரம் இந்த வரிசைதான். எத்தனை வாட் வெப்பம் வெளியேற வேண்டும் என்று கணக்குப் போட்டுவிட்டால் ஹீட்சிங்கின் அளவு தெரிந்துவிடும். அதைச் சுற்றித்தான் பெட்டி.

நம் ஊரில் அதிகம் பேர் கட்டும் சர்க்யூட்டையே எடுத்துக்கொள்வோம். 25-0-25 டிரான்ஸ்ஃபார்மர், ரெக்டிஃபையருக்குப் பிறகு ஏறக்குறைய ±35 வோல்ட், அவுட்புட்டில் 5200, 1943 டிரான்சிஸ்டர்கள் ஒரு ஜோடி, 8 ஓம் ஸ்பீக்கர். சேனலுக்கு 60 வாட் வரை கிடைக்கும். வெப்பம் அதிகமாவது ஃபுல் வால்யூமில்தான் என்று நினைப்பது இயல்பு, ஆனால் இந்த சர்க்யூட்டின் வகையான கிளாஸ் ஏபி அப்படி நடந்துகொள்வதில்லை. அவுட்புட்டின் உச்சம் சப்ளை வோல்டேஜில் 64 சதவீதத்தைத் தொடும்போதுதான் டிரான்சிஸ்டர்கள் அதிகமாகச் சுடும். ஸ்பீக்கருக்குப் போகும் அதே அளவு பவர் அப்போது ஹீட்சிங்குக்கும் போகிறது. சூத்திரம் எளியது: சப்ளையின் ஒரு பக்க வோல்டேஜை வர்க்கமாக்கி, இரண்டால் பெருக்கி, பை வர்க்கத்தாலும் (9.87) ஸ்பீக்கர் ஓமாலும் வகுக்க வேண்டும். 35 வோல்ட், 8 ஓமுக்கு 31 வாட். 4 ஓம் போட்டால் 62.

பாட்டு இல்லாதபோதும் டிரான்சிஸ்டரில் ஓடும் பயாஸ் கரண்டையும் சேர்த்து 8 ஓமுக்கு 35 வாட் என்று வைத்துக்கொள்ளலாம். அறையின் வெப்பத்தை 25 டிகிரி என்று எடுத்துக் கணக்குப் போடாதீர்கள். அது குளிர்நாட்டுப் புத்தகக் கணக்கு. இங்கே கோடையில் 40 டிகிரிக்குக் கட்ட வேண்டும். ஹீட்சிங்க் 65 டிகிரியைத் தாண்டக் கூடாது என்றால் நமக்கு மிஞ்சுவது 25 டிகிரிதான். 25-ஐ 35-ஆல் வகுத்தால் வாட்டுக்கு 0.7 டிகிரி. ஒரு சேனலுக்கு இதைவிடக் குறைந்த எண் உள்ள ஹீட்சிங்க் தேவை. 4 ஓம் ஸ்பீக்கர் என்றால் 0.38.

கேட்லாக்கில் போட்டிருக்கும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அது பெரும்பாலும் ஹீட்சிங்க் 70, 80 டிகிரி ஏறும்போது அளந்தது. ஏற்றம் குறைந்தால் காற்றோட்டமும் மந்தமாகும். நம் 25 டிகிரி ஏற்றத்துக்குக் கேட்லாக் எண்ணை சுமார் 1.3-ஆல் பெருக்கிக்கொள்ளுங்கள்.

கடையில் எடைக்கு விற்கும் அலுமினிய செக்‌ஷனில் எந்த எண்ணும் இருக்காது. அதற்குப் பரப்பளவு போதும். ஃபேன் இல்லாமல் 0.7 டிகிரி வேண்டுமென்றால் மொத்தப் பரப்பு குறைந்தது 2400 சதுர செ.மீ. இருக்கட்டும். 120 மி.மீ. உயரமும் 40 மி.மீ. ஆழமும் உள்ள ஒரு ஃபின் (ஹீட்சிங்கின் இதழ்), இரண்டு பக்கமும் சேர்த்து 96 சதுர செ.மீ. தருகிறது. 10 மி.மீ.க்கு ஒரு ஃபின் என்றால் 25 ஃபினுக்கு 250 மி.மீ. அகலம். ஒரு சேனலுக்கு அவ்வளவுதான்.

ஃபின்களுக்கு நடுவே 8 முதல் 10 மி.மீ. இடைவெளி அவசியம். கம்ப்யூட்டர் பிராசசரின் பழைய ஹீட்சிங்கில் ஃபின்கள் இரண்டு மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெருக்கியடித்து நிற்கும். ஃபேன் ஓடினால்தான் அதற்கு உயிர். ஃபேன் இல்லாவிட்டால் நடுவில் காற்று நகரவே நகராது. ஃபின்கள் செங்குத்தாக நிற்க வேண்டும், படுக்கவைத்தால் பயன் வெகுவாகக் குறையும். அடித்தகடு 8 மி.மீ.க்குக் குறையாமல் பாருங்கள். 3 மி.மீ. தகட்டில் டிரான்சிஸ்டருக்கு நேர் பின்னால் கொதிக்கும், ஓரத்து ஃபின்கள் குளிர்ந்தே கிடக்கும். கறுப்பு அனோடைஸ் (அலுமினியத்தின் மேல் மின்வேதி முறையில் ஏற்றும் ஆக்சைடு படலம்) நல்லது. ஆனால் வெப்பத்தை வீசுவது நிறமல்ல, அனோடைஸ் படலம். வெள்ளை அனோடைஸும் ஏறக்குறைய அதே வேலை செய்யும்.

கிளாஸ் ஏ கட்டப்போகிறவர்களுக்கு ஒன்று. பிரிட்டிஷ் வடிவமைப்பாளர் லின்ஸ்லி ஹூட் 1969-இல் வெளியிட்ட 10 வாட் சர்க்யூட் 27 வோல்ட்டில் 1.2 ஆம்ப் இழுக்கிறது. அதாவது சேனலுக்கு 32 வாட், பாட்டு ஓடினாலும் ஓடாவிட்டாலும். மேலே சொன்ன 60 வாட் செட்டுக்குத் தேவையான ஹீட்சிங்க்தான் இந்த 10 வாட்டுக்கும் தேவை.

இனி டிரான்சிஸ்டர் பொருத்துவது. வேலை கெடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான், அதனால் விரிவாகவே சொல்கிறேன். எம்3 ஸ்குரூவுக்கு 2.5 மி.மீ. துளை போட்டு டேப் பண்ணுங்கள், அதாவது மரை வெட்டுங்கள். அலுமினியத்துக்கு மண்ணெண்ணெய் விட்டு, அரைச் சுற்று முன்னே கால் சுற்று பின்னே என்று திருப்பினால் டேப் உடையாது. துளையின் வாயில் பிசிறு நிற்கும். 8 மி.மீ. ட்ரில் பிட்டைக் கையால் பிடித்து இரண்டு சுற்று சுற்றினால் அது போய்விடும். விரல் நுனியைத் தேய்த்துப் பாருங்கள், எதுவும் தட்டக் கூடாது. அந்தப் பிசிறு, டிரான்சிஸ்டருக்கும் ஹீட்சிங்குக்கும் நடுவே வைக்கும் மைக்கா இன்சுலேட்டரைத் துளைத்தால் சப்ளை நேராக ஹீட்சிங்கில் இறங்கிவிடும். சில சமயம் முதல் நாள் எல்லாம் சரியாக இருக்கும், சூட்டில் விரிந்த பிறகுதான் துளைக்கும்.

ஹீட்சிங்க் பேஸ்ட்டை மைக்காவின் இரண்டு பக்கமும், கீழே உள்ள எழுத்து மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லிசாகத் தடவுங்கள். அள்ளிப் பூசினால் வெப்பம் கடத்துவது குறைகிறது. பேஸ்ட் உள்ள மைக்காவுக்கு வாட்டுக்கு 0.5 டிகிரி, 5200-இன் உள்ளே 0.83 என்று வைத்தால், ஒரு டிரான்சிஸ்டரில் 17.5 வாட்டுக்கு 23 டிகிரி ஏறும். ஹீட்சிங்க் 65-இல் இருக்கும்போது ஜங்ஷன் (உள்ளே இருக்கும் சிப்) 88. நிம்மதியான இடம்தான். 4 ஓமில் இதுவே 108-க்குப் போகும், அதற்கு இரண்டு ஜோடி போடுங்கள். ஜோடி கூடினால் ஜங்ஷன் வெப்பம்தான் இறங்கும், ஹீட்சிங்கின் அளவைக் குறைக்க முடியாது. இந்த 0.83 அசல் சரக்கின் எண் என்பதையும் மறக்க வேண்டாம். போலி 5200-இல் உள்ளே இருக்கும் சிப் சிறியது, எந்த ஹீட்சிங்கும் அதைக் காப்பாற்றாது.

5200, 1943 இரண்டிலும் ஸ்குரூ துளை பிளாஸ்டிக்குக்குள் வருவதால் மைக்கா மட்டும் போதும். உலோக முதுகிலேயே துளை உள்ள டிஓ-220 வகைக்கு மைக்காவோடு, ஸ்குரூவைச் சுற்றும் பிளாஸ்டிக் புஷ்ஷும் கட்டாயம். எல்எம்3886 ஆம்ப்ளிஃபையர் ஐசியில் உலோக முதுகு உள்ளதற்கு மைக்கா போட வேண்டும், அந்த முதுகில் மைனஸ் சப்ளை இருக்கிறது. டிரான்சிஸ்டரை முதலில் ஹீட்சிங்கில் முறுக்கி, போர்டை ஸ்பேசரில் நிறுத்தி, கடைசியாகக் கால்களை சால்டர் செய்யுங்கள். முதலில் சால்டர் செய்துவிட்டுப் பிறகு முறுக்கினால் கால்கள் இழுக்கும், டிரான்சிஸ்டரின் ஒரு ஓரம் மைக்காவிலிருந்து தூக்கிக்கொள்ளும். சால்டருக்கு முன்பே ஒவ்வொரு டிரான்சிஸ்டரின் நடுக்காலுக்கும் ஹீட்சிங்குக்கும் இடையே மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள், தொடர்பு காட்டக் கூடாது. அனோடைஸ் படலமே இன்சுலேட்டர் என்பதால் முனையைத் துளையின் மரையில் வைத்தால்தான் உண்மை தெரியும்.

பயாஸை நிர்ணயிக்கும் பிடி139 டிரான்சிஸ்டரை எங்கேயோ போர்டில் நிற்கவிடாதீர்கள். சூடு ஏற ஏற டிரான்சிஸ்டரின் பேஸ் வோல்டேஜ் டிகிரிக்கு 2 மில்லிவோல்ட் இறங்கும். பயாஸும் கூடவே இறங்காவிட்டால் கரண்ட் ஏறும், கரண்ட் ஏறினால் சூடு ஏறும், கடைசியில் டிரான்சிஸ்டர் போகும். அவுட்புட் டிரான்சிஸ்டரின் பிளாஸ்டிக் முகத்தின் மேலேயே ஒரே ஸ்குரூவில் அதைப் பிடித்துவிடுவது எனக்குப் பிடித்த வழி. ஹீட்சிங்கில் வைப்பதைவிட அங்கே வேகமாகச் சூட்டை உணரும்.

பெட்டிக்கு வருவோம். ஹீட்சிங்க் இரண்டு பக்கச் சுவராக வெளியே நிற்பதே நல்லது. உள்ளே வைத்துத்தான் ஆக வேண்டுமென்றால் அடித்தகட்டில் ஃபின்களுக்கு நேர் கீழேயும், மூடியில் நேர் மேலேயும் துளைகள் வேண்டும். கால் புஷ் 15 மி.மீ. உயரமாவது இருக்கட்டும். மூடியில் மட்டும் துளை போட்டால் காற்று எங்கிருந்து உள்ளே வரும்? ஃபில்டர் கெப்பாசிட்டர்களை ஹீட்சிங்கிலிருந்து தள்ளி வையுங்கள், 10 டிகிரி கூடினால் அவற்றின் ஆயுள் பாதியாகும்.

வளைய வடிவ டொராய்டு டிரான்ஸ்ஃபார்மரின் நடு போல்ட் மேல் மூடியைத் தொடவே கூடாது. தொட்டால் போல்ட், மூடி, சுவர், அடித்தகடு எல்லாம் சேர்ந்து ஒரு ஷார்ட் ஆன சுற்றாகிவிடும், ஆன் செய்ததும் ஃபியூஸ் போகும். மெயின்ஸ் எர்த்துக்கு அந்த போல்ட்டைப் பயன்படுத்தாமல் தனி போல்ட் போடுங்கள். பெயின்டைச் சுரண்டி, பல் வாஷர் வைத்து முறுக்க வேண்டும். ஹீட்சிங்குக்கும் தனி எர்த் ஒயர் இழுங்கள், அனோடைஸ் செய்த தகடு ஸ்குரூவால் மட்டும் சேசிஸோடு சேரும் என்று நம்ப முடியாது.

முதல் தடவை, மெயின்ஸில் சீரிஸாக மாட்டிய பல்பு வழியாக ஆன் செய்யுங்கள். பல்பு ஒரு கணம் பளிச்சிட்டு மங்கினால் சரி, எரிந்துகொண்டே இருந்தால் உடனே அணையுங்கள். பயாஸைச் சரிசெய்து 0.22 ஓம் எமிட்டர் ரெசிஸ்டரில் 22 மில்லிவோல்ட், அதாவது 100 மில்லிஆம்ப், வைத்துவிட்டுப் பல்பை எடுங்கள். பிறகு மூடியைப் போட்டு, ஸ்பீக்கருக்குப் பதில் 8 ஓம் 50 வாட் ரெசிஸ்டரை டம்மி லோடாக மாட்டி, மொபைலில் இருந்து 100 ஹெர்ட்ஸ் டோன் கொடுத்து அவுட்புட்டை 16 வோல்ட் ஏசியில் ஒரு மணி நேரம் நிறுத்துங்கள். மலிவான மல்டிமீட்டர்கள் 1000 ஹெர்ட்ஸில் தவறாகக் காட்டும் என்பதால்தான் 100. அந்த ஒரு மணி நேரத்தில் ஹீட்சிங்க் அறை வெப்பத்தைவிட 25 டிகிரிக்கு மேல் ஏறினால் 80 மி.மீ. ஃபேன் ஒன்றை 7 வோல்ட்டில் ஓடவிடுங்கள், சத்தம் கேட்காது. 75 டிகிரியில் திறக்கும் கேஎஸ்டி301 வெப்ப ஸ்விட்ச் ஒன்றை ஹீட்சிங்கில் ஒட்டி, ஸ்பீக்கர் ரிலே காயிலோடு சீரிஸாகப் போடுங்கள். டோனை நிறுத்தியதும், ஹீட்சிங்க் சூடாக இருக்கும்போதே எமிட்டர் ரெசிஸ்டரை மறுபடி அளந்து, 22 மில்லிவோல்ட்டைவிடக் கணிசமாகக் கூடியிருந்தால் பிடி139 சரியாக ஒட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள்.