சீர்காழி அணி

மே 6, செவ்வாய்

வீட்டை விற்கிற பத்திரப் பதிவு நடக்கவில்லை. டோக்கன் வாங்கி, கைரேகைக்காகக் கட்டைவிரலைத் துடைத்துத் துடைத்து மதியம் வரை உட்கார்ந்திருந்தோம். சர்வர் இல்லை, போய்விட்டு வாருங்கள் என்றார்கள். வாங்குகிறவரின் மைத்துனர் எல்லோருக்கும் மோர் வாங்கிக் கொடுத்தார். பாத்திரங்கள் அத்தனையும் சாக்குக்குள் போய்விட்டன. ராத்திரி மூன்று தட்டுகளுக்காக ஒரு மூட்டையை அவிழ்த்தோம்.

மே 7, புதன்

எடைக்குப் போடுவதற்காகப் பரணிலிருந்து பழைய கம்ப்யூட்டரை இறக்கினோம். மானிட்டர் ஆட்டுக்கல் கனம். "ஒரு தடவை போட்டுப் பார்த்துவிடலாம்" என்றான் அண்ணன். "வெடித்துத் தொலைக்கப் போகிறது" என்று அம்மா அடுப்படிக்குப் போய்விட்டாள். ஒன்றும் வெடிக்கவில்லை. உள்ளே மாவு மில் ஓடுகிற சத்தம், எரிந்த தூசியின் வாசனை, பிறகு கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்து. கடிகாரத்துக்கான பாட்டரி செத்துவிட்டதால் இன்றைக்கு என்ன தேதி என்று எங்களையே கேட்டது. அப்புறம் விண்டோஸ் 98-இன் மேகங்கள். மூலையில் புழு.

அந்தப் புழு விளையாட்டு சிடி இல்லாமல் ஓடாது. அண்ணனின் கல்லூரிக் கோப்பில், யாருடைய கல்யாணப் பத்திரிகை உறைக்குள்ளோ இருந்தது. கீறல். பற்பசை தேய்த்துக் கழுவி, என் துப்பட்டாவில் துடைத்துப் போட்டோம். மூன்றாம் முறை எடுத்துக்கொண்டது.

மே 8, வியாழன்

வார்ம்ஸ் அர்மகெடான், 1999. இளஞ்சிவப்புப் புழுக்கள் பீரங்கி தூக்கிக்கொண்டு ஒன்றையொன்று அழிக்கும். ஒரே விசைப்பலகை, அவன் ஆடி முடித்தபின் நான். ஒரு முறைக்கு 45 விநாடி. எந்தப் புழுவின் முறை என்பதை ஆட்டமே முடிவு செய்யும், சாதாரணமாக நமக்குப் பிடித்த புழுவை எடுத்து ஆட முடியாது. இதை மறந்தே போயிருந்தேன். மலை உச்சியில் வசதியாக நிற்கும் புழுவுக்கு முறை வராது. தண்ணீர் ஓரத்தில் கண்ணிவெடிக்குப் பக்கத்தில் நிற்கிறதே, அதற்குத்தான் வரும்.

முதல் ஆட்டத்தில் கையெறி குண்டுக்கு மூன்று விநாடி வைத்து மேலே எறிந்தேன். உத்தரத்தில் பட்டுத் திரும்பி வந்து என் காலடியிலேயே உட்கார்ந்தது. என் புழு அதை ஒரு பார்வை பார்த்தது. பிறகு பை பை சொன்னது. பிறகு கல்லறை.

அண்ணன் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு விளக்கு எரிந்தது.

மே 9

காற்று இடப்பக்கம். முழு வேகம். தோல்வி.

மே 10, சனி

சேமித்து வைத்த அணிகளின் பட்டியலைத் திறந்தோம். அண்ணனின் 'புலிகள்': எட்டுப் புழுக்களும் கிரிக்கெட் வீரர்கள். என் 'ரோஜாக்கள்': கணக்கு டீச்சர், தலைமையாசிரியை, ரேஷன் கடைக்காரர், இப்படி எனக்கு ஆகாதவர்கள் எல்லோரும். (என் அணியில் எதற்கு அவர்களை வைத்தேன் என்று இப்போது புரியவில்லை. சாவது அவர்கள்தானே என்று இருந்திருக்கும்.)

மூன்றாவதாக ஓர் அணி. 'சீர்காழி'. நானும் வைக்கவில்லை, அவனும் வைக்கவில்லையாம். ஆங்கில எழுத்தில் தமிழ்ப் பெயர்கள்: குத்துவிளக்கு, வெண்கலப்பானை, ரேடியோ, நீலப்புடவை, அரைப்பவுன், குடம், தையல் மிஷின், ஆயிரம் ரூபாய். ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு முற்றுப்புள்ளி.

அதன் கணக்கைப் பார்த்தோம். ஆடியது 214. வென்றது 0.

அது எப்படி முடியும்? கண்ணை மூடிக்கொண்டு ஆடினாலும் பத்தில் ஒன்று தானாக விழும். எதிராளி தன் குண்டிலேயே செத்துப்போகிற ஆட்டம் இது. 214 முறை தோற்பதற்கென்றே ஓர் அணியை உட்கார்ந்து உருவாக்கியவர் யார்?

இன்னொன்று. என் ரோஜாக்களுக்கு 221 வெற்றிகள். நான் ஜென்மத்தில் வென்றது ஏழோ எட்டோ. அண்ணன் எழுந்து நின்றுவிட்டான். "நான் டியூஷன் போனபோது தனியாக ஆடிக் கணக்கை ஏற்றியிருக்கிறாய்" என்கிறான். இருபது வருடம் கழித்து இதற்கு நான் சத்தியம் வேறு செய்ய வேண்டியிருந்தது.

மே 11, ஞாயிறு

தூக்கம் வரவில்லை. கைபேசியில் இந்த ஆட்டத்தின் கதையைப் படித்தேன். ஆண்டி டேவிட்சன் என்ற ஆங்கிலேயர் அமிகா கணினியில் பிளிட்ஸ் பேசிக் மொழியில் எழுதி, 'டோட்டல் வார்மேஜ்' என்று பெயரிட்டு ஒரு பத்திரிகைப் போட்டிக்கு அனுப்பினாராம். பரிசு கிடைக்கவில்லை. பதிப்பாளர்களுக்கு அனுப்பினார், அதுவும் நடக்கவில்லை. கடைசியில் லண்டன் கண்காட்சிக்குத் தூக்கிக்கொண்டு போய்க் காட்ட, யார்க்‌ஷயரைச் சேர்ந்த டீம்17 நிறுவனம் அங்கேயே சரி என்றிருக்கிறது. 1995-இல் வெளிவந்தது. தோற்றுப்போன ஆட்டம் என்று தெரிந்ததும் அதன்மேல் பாசம் கூடிவிட்டது.

1999-இல் வந்த எங்கள் பதிப்புக்கு 2020-இல்கூடத் திருத்தம் வெளியிட்டிருக்கிறார்கள். காலையில் அண்ணனிடம் சொன்னேன். "நம் தண்ணீர் சுத்திகரிப்பு மிஷினுக்கு இரண்டாம் வருடமே ஆள் வரவில்லை" என்றான்.

அம்மா எங்கே இருப்பாள் என்ற பேச்சை அவனும் எடுக்கவில்லை, நானும் எடுக்கவில்லை.

மே 12, திங்கள்

சீர்காழி அத்தை மகனுக்குப் போன் செய்தேன். கோடை விடுமுறைக்கு இங்கேதானே கிடப்பான். எட்டுப் பெயரையும் வாசித்துக் காட்டினேன். "214 தடவை தோற்க நான் என்ன உன் அணியா?" என்று கேட்டான். வைத்துவிட்டேன்.

வில்லங்கச் சான்றில் ஒரு எழுத்து மாறியிருக்கிறதாம். அதைச் சரிசெய்து 19-ஆம் தேதி.

மே 13

ஒற்றைக் குத்துவிளக்கை என்ன செய்வது? கூட இருந்ததைக் காணோம். வேட்டித் துணியில் சுற்றி வைத்தேன்.

மே 14, புதன்

அண்ணன் மனைவி போன் செய்தாள், என் வீட்டுக்காரர் போன் செய்தார். இருவரும் அம்மாவுக்காக அறையை ஒழித்துவிட்டார்களாம். கோவையா, திருச்சியா? அம்மாவிடம் கேட்டால், "நீங்களே பார்த்துச் செய்யுங்கள்" என்கிறாள். ஆட்டத்தில் முறையை விட்டுக்கொடுக்க ஒரு பொத்தான் உண்டு. அதை அழுத்தினால் புழு அப்படியே நிற்கும், அடுத்தவன் முறை தொடங்கிவிடும். நான் அதை ஒருபோதும் பயன்படுத்தியதில்லை. நின்றுகொண்டிருந்தால் அடி விழும் என்ற பயம்.

வெயில் தாங்கவில்லை. மின்விசிறிகளைக் கழற்றிவிட்ட முட்டாள் யார் என்று சண்டை. (நான்தான்.)

மே 15, வியாழன்

விளையாட்டாகத்தான் ஆரம்பித்தது. ஜெயித்தவர் வீட்டுக்கு அம்மா. ஆளுக்கு நான்கு புழு. அம்மா எங்களுக்குப் பின்னால் உட்கார்ந்து, பழைய சேலை ஓரங்களைக் கிழித்து மூட்டை கட்டக் கயிறு திரித்துக்கொண்டிருந்தாள். பந்தயம் அவள் காதில் விழுந்திருக்காது என்று நினைத்தோம்.

அண்ணன் கான்கிரீட் கழுதையை இறக்கினான். வானத்திலிருந்து விழும் அந்தக் கழுதை மேலும் கீழும் குதித்துக் குதித்து நிலத்தை அடிவரை பிளந்துகொண்டு போகும். என் ரேஷன் கடைக்காரரும் அவனுடைய இரண்டு வீரர்களும் ஒன்றாகத் தண்ணீருக்குள் போனார்கள். கழுதைக்கு நன்றி சொல்லிக்கொண்டேன். அதற்குள் ஆட்ட நேரம் முடிந்து, மிஞ்சிய எல்லோருக்கும் உயிர் ஒன்றாகச் சுருங்கிவிட்டது. இனிமேல் உரசினாலே சாவு. ஒவ்வொரு முறைக்கும் தண்ணீர் ஏறுகிறது.

கடைசியில் என் கணக்கு டீச்சர், அவனுடைய விக்கெட் கீப்பர். நடுவில் ஒரு பாறை. காற்று என் முகத்துக்கு எதிரே, பட்டை முழுக்க நிரம்பி. பீரங்கியை எடுத்து நேராகப் பிடித்தேன். 20 விநாடி. 15.

"தூக்கிப் பிடி. இன்னும். காற்று திருப்பிக் கொண்டுவரும், அதனால் அவனுக்கு அந்தப் பக்கம் விழுகிற மாதிரி விடு. முக்காலுக்குக் கொஞ்சம் மேலே சக்தி ஏறியதும் கையை எடு."

சொன்னது அம்மா. கயிற்றிலிருந்து தலையைத் தூக்காமல்.

கை தானாகச் செய்தது. குண்டு திரைக்கு மேலே போய் மறைந்தது. பாறையைத் தாண்டி, காற்றில் வளைந்து பின்னோக்கி வந்து, விக்கெட் கீப்பரின் உச்சியில் இறங்கியது.

நாங்கள் இருவரும் திரும்பினோம். "பால் பொங்கப் போகிறது" என்று அம்மா எழுந்து போனாள். அடுப்பில் பாலே இல்லை.

மே 16, வெள்ளி

டிரங்குப் பெட்டியின் அடியில் அம்மாவின் தட்டச்சுச் சான்றிதழ். ஹையர், முதல் வகுப்பு. முற்றுப்புள்ளி.

சாயங்காலம், "வெண்கலப்பானை எங்கே அம்மா?" என்று சும்மா கேட்டுவைத்தேன். "உன் அத்தை வளைகாப்புக்கென்று வாங்கிக்கொண்டு போனாள்." தையல் மிஷின்? "அவள் பெண்ணுக்குக் கற்றுக்கொடுக்க." ரேடியோ? "அது ரிப்பேருக்கு என்று அவள் வீட்டுக்காரர் எடுத்துக்கொண்டு போனார்." அரைப்பவுனுக்கு மட்டும் பதில் வரவில்லை. அப்பாவின் படத்தைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள், இன்னொரு தாள் கேட்டாள்.

214-ஐ வருடத்தால் வகுத்துப் பார்க்கிறேன். நாங்கள் பள்ளிக்கூடம் போனபின், அப்பா கடைக்குப் போனபின், பாத்திரம் கழுவி முடித்து. பதினொன்றரையிலிருந்து ஒன்று வரை இருக்கும். இரண்டு அணியையும் அவளே ஆடியிருக்கிறாள். சீர்காழிக்காரர்களின் முறை வந்தால் அதை விட்டுக்கொடுத்துவிடுவாளோ, அல்லது அவர்களையும் ஒழுங்காக ஆடவிட்டுத்தான் ஜெயித்தாளோ? இரண்டாவதாக இருந்தால் பயமாக இருக்கிறது.

அதற்கு என் அணியை ஏன் எடுத்தாள்?

மே 17, சனி

நேரடியாகவே கேட்டான் அண்ணன். "எந்த விளையாட்டு?" என்றாள்.

அணிகள் இருக்கும் கோப்பு ஒன்றுதான், துளிக்கூட இடம் அடைக்காது. பென் டிரைவை அந்த விண்டோஸ் அடையாளம் தெரியவில்லை என்றது. பிளாப்பி ஒன்று கிடைத்தது. கொர்ர் கொர்ரென்று எழுதி முடித்தது. இனி உலகத்தில் பிளாப்பியைப் படிக்கிற மிஷினைத் தேட வேண்டும். கம்ப்யூட்டரை எடைக்குப் போடும் பேச்சை யாரும் எடுப்பதில்லை.

பந்தயத்தில் ஜெயித்தது நான்தான் என்கிறேன். வெளியாள் சொல்லிக்கொடுத்தது செல்லாது என்கிறான்.

மே 18, ஞாயிறு

சீர்காழி அத்தை வந்தாள், வீட்டைக் கடைசியாக ஒரு முறை பார்க்க. முறுக்கு, ஒரு சீப்பு பூவன்பழம். கூடத்தில் நின்று கொஞ்சம் அழுதாள், நிஜமாகத்தான். காபி குடித்தபின் மூலையில் ஓடிக்கொண்டிருந்த மானிட்டரைப் பார்த்து, "இது இன்னுமா ஓடுகிறது?" என்று கேட்டாள்.

"நன்றாக ஓடுகிறது. உட்காருங்கள் அண்ணி" என்று அம்மா இரண்டாவது நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மே 19

டோக்கன் 31. இப்போது 12 ஓடுகிறது. சர்வர்