முதலில் பிரைமர், அப்புறம்தான் பெயின்ட்

மினியேச்சர் பொம்மைகளுக்குப் பெயின்ட் அடிக்கப் புதிதாக வருகிறவர்கள் பலரும் முதலில் கேட்பது, எந்த பிரஷ் வாங்கலாம் என்றுதான். நான் பிரைமரிலிருந்துதான், அதாவது பெயின்ட் பிடிப்பதற்காக அடியில் கொடுக்கும் முதல் பூச்சிலிருந்துதான் ஆரம்பிப்பேன். வெறும் பிளாஸ்டிக்கில் அக்ரிலிக் பெயின்ட் சரியாகப் பிடிக்காது. விரல் படப் பட, வாள் நுனியிலும் மூக்கு நுனியிலும் முதலில் உரிய ஆரம்பிக்கும்.

பிரைமரின் நிறத்தை யோசித்து எடுங்கள். கறுப்பு அடித்தால் மடிப்புகளில் நிழல் தானாகவே கிடைக்கும், ஆனால் அதன்மேல் மஞ்சளை ஏற்றுவது பெரும்பாடு. வெள்ளையில் மஞ்சளும் சிவப்பும் பளிச்சென்று நிற்கும். பெயின்ட் விட்டுப்போன இடமெல்லாம் கண்ணில் குத்தும். சாம்பல் இரண்டுக்கும் நடுவில். எனக்குப் பிடித்தது வேறு: முழுக்கக் கறுப்பு அடித்து, காய்ந்ததும் மேலிருந்து சாய்வாக வெள்ளையைத் தூவுவது. வெளிச்சம் எங்கே விழும், அங்கியின் எந்த மடிப்பு இருளும் என்று பொம்மையே காட்டிவிடும். அடடா, அந்த நிமிடத்துக்காகவே பிரைமர் அடிக்கலாம்!

ரெசின் பொம்மை என்றால் முதலில் பாத்திரம் கழுவும் சோப்பும் பழைய டூத்பிரஷ்ஷும். அச்சிலிருந்து எளிதாகக் கழன்று வரப் பூசிய எண்ணெய்ப்பசை போகாவிட்டால் எந்த பிரைமரும் நிற்காது.

ஸ்பிரே கேனை நன்றாகக் குலுக்கி, 20–25 செ.மீ. தள்ளிப் பிடித்து, சின்னச் சின்ன வீச்சாக அடியுங்கள். கிட்டப் போனால் முகத்தின் செதுக்கல் மூழ்கிவிடும். தூரம் போனால் பெயின்ட் காற்றிலேயே காய்ந்து சொரசொரப்பாகப் படியும். மழைநாளில் ஸ்பிரே வேண்டவே வேண்டாம். அப்போது வல்லேஹோ கம்பெனியின் பிரைமர் மாதிரி தண்ணீரில் கரையும் பிரைமரை பிரஷ்ஷாலேயே மெல்லிசாகப் பூசலாம். ஒரு நாள் முழுக்கக் காயவிடுங்கள்.