கசிமிர் விசையைக் கருத்தரங்குக்கு எடுப்பவர்களுக்கு

பௌதிகவியல் சிறப்புக் கற்கையின் இறுதியாண்டுக் கருத்தரங்குக்குக் கசிமிர் விளைவை, அதாவது வெற்றிடத்தில் இரு உலோகத் தட்டுகள் ஒன்றையொன்று ஈர்ப்பதை, எடுக்க நினைக்கும் தம்பி தங்கையருக்கு இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத் திருநெல்வேலி வளாகத்தில் இதே தலைப்பில் பேசி, வாய்மொழித் தேர்வையும் முடித்தவன் நான். தலைப்பின் கவர்ச்சியில் மயங்கிப் பலர் கதையிலேயே நேரத்தைக் கரைத்துவிடுகிறார்கள். வெற்றிடத்தில் கணநேரம் தோன்றி மறைவதாகச் சொல்லப்படும் மாயத்துகள்கள் தட்டுகளை வெளியிலிருந்து தள்ளும் படத்தைத் திரையில் போட்டால், எஞ்சிய நேரமெல்லாம் அதற்கே விளக்கம் சொல்ல வேண்டிவரும்.

முதலில் எண்ணைப் பிடியுங்கள். மின்னேற்றமில்லாத இரு கடத்தித் தட்டுகள் வெற்றிடத்தில் ஒன்றையொன்று ஈர்க்கும் என்று ஹென்ட்ரிக் கசிமிர் காட்டியது 1948 இல். உயர்தரத்தில் படித்த பரிமாணப் பகுப்பாய்வே இங்கே போதும். சுருக்கிய பிளாங்க் மாறிலியை ஒளிவேகத்தால் பெருக்கினால் யூல் மீற்றர் வரும். அதிலிருந்து அமுக்கம் பெற, இடைவெளியின் நான்காம் அடுக்கால் வகுப்பதைத் தவிர வழியில்லை. மிஞ்சுவது பையின் (π) வர்க்கத்தை 240 ஆல் வகுத்த எண் மட்டும். இடைவெளி 1 மைக்ரோமீற்றர் என்றால் விடை ஏறத்தாழ 0.0013 பாஸ்கல். 10 நானோமீற்றர் என்றால் பத்துக் கோடி மடங்கு, அதாவது வளிமண்டல அமுக்கத்தையே தாண்டும். உண்மையான பொன் தட்டுகளில் அவ்வளவு வராது என்பதையும் நீங்களே முந்திச் சொல்லிவிடுங்கள்.

அடுத்து, ஆய்வுகூடத்துச் சுரமானியை நினைவூட்டுங்கள். இரு முனையும் கட்டிய கம்பியில் சில அலைநீளங்களே நிற்கும், தட்டுகளுக்கிடையிலுள்ள மின்காந்த அலைகளுக்கும் அப்படியே. ஒவ்வோர் அதிர்வு வகைக்கும் இழிவுச் சக்தி உண்டு. உள்ளே கூட்டினாலும் முடிவிலி, தட்டுகள் இல்லாமல் கூட்டினாலும் முடிவிலி. "ஒன்றிலிருந்து மற்றதைக் கழித்தால் எப்படி முடிவுள்ள விடை?" என்று கட்டாயம் கேட்பார்கள். மிக உயர்ந்த மீடிறன்களுக்கு உலோகம் தடையே இல்லை. எக்ஸ் கதிர் ஊடுருவிப் போய்விடும். ஆகவே அந்த வகைகள் தட்டு இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஒன்றுதான், கழித்தலில் அடிபட்டுவிடும்.

கடினமான கேள்வி இன்னொன்று: இந்த விசை, வெற்றிடத்தில் எஞ்சும் அந்த இழிவுச் சக்தியை, அதாவது வெற்றிடச் சக்தியை, நிரூபிக்கிறதா? சூத்திரத்தில் இலத்திரனின் ஏற்றம் இல்லாததால் ஆம் என்று சொல்லத் தோன்றும். அவசரப்படாதீர்கள். ஏற்றம் காணாமற்போவது தட்டை நிறைகடத்தியாக, அதாவது குறையே இல்லாத இலட்சியக் கடத்தியாக, எடுக்கும் எல்லையில்தான். தட்டுகளிலுள்ள ஏற்றங்களுக்கிடையிலான வந்தர்வால்சு விசையாகவே (நடுநிலை அணுக்களும் ஒன்றையொன்று மெல்ல ஈர்க்கும் விசை) இதைக் கணிக்கலாம் என்று 2005 இல் ராபர்ட் ஜாஃபே வாதிட்டார். கசிமிரும் அவரோடு வேலைசெய்த போல்டரும் பிலிப்ஸ் ஆய்வுகூடத்தில் தொடங்கிய இடமும் அணுக்களுக்கிடையிலான அந்த விசைதான். இரண்டு வழிகளையும் சொல்லிவிடுங்கள். ஒன்றை மட்டும் பிடித்துக்கொண்டு நிற்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

பரிசோதனைகளில் 1997 இல் லாமரோ செய்த முறுக்கல் ஊசல் அளவீடு ஒன்றே போதும். இரு தட்டுகளைத் துல்லியமாகச் சமாந்தரமாக வைப்பது பெரும்பாடு என்பதால், ஒரு பக்கம் கோள வளைவுள்ள வில்லையை வைத்தார். அந்தக் காரணத்தை மறக்காமல் சொல்லுங்கள்.

எப்போதும் ஈர்ப்புத்தானா என்று கேட்டால், 2009 இல் வெளியான அளவீட்டைச் சொல்லலாம். புரோமோபென்சீன் திரவத்தில் பொன் உருண்டையும் சிலிக்காத் தட்டும் விலக்கின. திரவத்தின் அனுமதித்திறன் (மின்புலத்துக்கு ஒரு பொருள் எவ்வளவு முனைவாகும் என்பதன் அளவு) மற்ற இரண்டுக்கும் இடைப்பட்டிருந்ததே காரணம்.