கத்தரி கருகருவென்று தழைத்தால் அசுவினி வரும்

போன வருஷம் வேலூர் மாவட்டம் அணைக்கட்டு ஊர்ப் பக்கம் இருக்கும் எங்கள் கொல்லையில் அரை ஏக்கர் முள்ளுக் கத்தரி வைத்தேன். இலவம்பாடி பக்கத்திலேயே இருக்கிறது, 2023-இல் புவிசார் குறியீடு வாங்கிய காய், விலைக்குக் கவலையில்லை என்று நம்பிக்கை.

நட்ட முப்பதாம் நாள் மேலுரமாக யூரியா ஒரு முழு மூட்டையைப் போட்டேன். வேளாண் பல்கலைக்கழகம் சொல்லும் அளவைக் கணக்குப் போட்டால் ஒரு ஏக்கருக்கே ஏறக்குறைய ஒரு 45 கிலோ மூட்டைதான். பத்தே நாளில் செடி கருகருவென்று தழைத்தது. பெரியப்பா வரப்பில் நின்று பார்த்துவிட்டு, "இவ்ளோ கருக்கக் கூடாதுப்பா, பூச்சி ஏறும்" என்றார்.

ஏறியது. யூரியா தரும் தழைச்சத்து மிஞ்சும்போது செடியால் அத்தனையையும் புரதமாக்க முடியாது, மிச்சம் அமினோ அமிலமாகச் சாற்றிலேயே ஓடும், இலையும் மெத்தென்று இருக்கும், சாறு உறிஞ்சும் அசுவினிக்கு இதைவிட நல்ல சாப்பாடு இல்லை. அது ஆண் துணைகூட இல்லாமல் நேராகக் குட்டி போடும், பிறந்த குட்டியும் ஒரு வாரம் பத்து நாளில் குட்டி போட ஆரம்பித்துவிடும். கூடவே தத்துப்பூச்சியும் வந்தது, அது சிற்றிலை நோயைப் பரப்பும், அந்த நோய் வந்த செடியைப் பிடுங்கி எறிய வேண்டியதுதான்.

கடையில் கொடுத்த மருந்தை மூன்று தடவை அடித்தேன். அசுவினி கொஞ்சம் அடங்கியது, பொறிவண்டு மொத்தமாகச் செத்தது, அப்புறம் திரும்பி வந்த அசுவினியைத் தின்ன ஆளில்லை.

யூரியா மலிவு, பொட்டாஷ் விலை அதிகம், அதனால் நம்மில் பலர் பொட்டாஷை விட்டுவிடுகிறோம். இது பெரிய தப்பு, பொட்டாஷ் குறைந்த செடியிலும் அதே மாதிரி சாற்றில் அமினோ அமிலம் தேங்கும். கோழி எருவும் அளவு மிஞ்சினால் யூரியா செய்யும் வேலையைத்தான் செய்யும்.

இந்த வருஷம் கடைசி உழவில் மக்கிய எருவோடு 50 கிலோ வேப்பம் புண்ணாக்கு, பொட்டாஷ். மேலுரம் அரை மூட்டை, அதையும் இரண்டு தவணையாக. தண்டுத்துளைப்பான் இப்போதும் வருகிறது, வாடிய நுனியைக் கிள்ளி எரித்துக்கொண்டிருக்கிறேன்.

நேற்று இரண்டாம் தவணை வைக்கப் போகும்முன் இலையைத் திருப்பிப் பார்த்தேன். அசுவினி இருந்தது, பக்கத்திலேயே பொறிவண்டின் புழுவும் மேய்ந்துகொண்டிருந்தது. மருந்து அடிக்கவில்லை. யூரியாவை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கிறேன்.