9.8 வந்தே ஆகணும்

இளநிலை இயற்பியல் ஆய்வகத்தில் நான் முதலில் கற்றுக்கொண்ட வித்தை, விடையை வைத்துக்கொண்டு ரீடிங்கை எழுதுவது. தனி ஊசல் சோதனையில் புவியீர்ப்பு முடுக்கம் 9.8 வர வேண்டும், எங்களுக்கு 9.5 தான் வந்தது. நேரத்தைக் கொஞ்சம் குறைத்து எழுதினோம், 9.8 வந்துவிட்டது, முழு மதிப்பெண்ணும் வந்துவிட்டது.

உண்மையில் நடந்தது என்னவென்றால், ஊசலின் நீளமாக நூலை மட்டும் அளந்துவிட்டுக் குண்டின் ஆரத்தைச் சேர்க்க மறந்திருந்தோம். வெவ்வேறு நீளங்களுக்கு அலைவு நேரத்தின் வர்க்கத்தைக் கண்டு, அதை நீளத்துக்கு எதிராக வரைந்திருந்தால் கோட்டின் சாய்விலிருந்து சரியான விடையே கிடைத்திருக்கும், கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் தள்ளி நின்றிருக்கும், ஏன் தள்ளி நிற்கிறது என்று யோசித்திருந்தால் விட்டுப்போன ஆரம் தானாக அகப்பட்டிருக்கும். அந்த ஒரு மணி நேரம்தான் ஆராய்ச்சி. அதைத்தான் அழித்துவிட்டு எழுதினோம்.

மாணவர்கள் மட்டும் செய்கிற காரியமில்லை இது. இயற்பியலாளர் மில்லிகன் எண்ணெய்த்துளி சோதனையில் எலக்ட்ரானின் மின்னூட்டத்தைக் கொஞ்சம் குறைவாகக் கண்டார், காற்றின் பாகுநிலைக்கு (துளி விழுவதைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்பதைத் தீர்மானிக்கும் பண்பு) அவர் எடுத்த மதிப்பு தவறு. பின்னால் அளந்தவர்களின் விடைகள் ஒரேயடியாகச் சரியான எண்ணுக்குத் தாவாமல் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் ஏறின என்று இயற்பியலாளர் ஃபைன்மன் 1974இல் ஒரு பட்டமளிப்பு உரையில் சொன்னார். மில்லிகனிடமிருந்து ரொம்ப விலகி வந்தால் எங்கே பிழை என்று தேடினார்கள், பக்கத்தில் வந்தால் அவ்வளவாகத் தேடவில்லை. எங்கள் 9.8 கதையேதான்.

அப்புறம் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தபோது, சரிபார்க்கப் பின்பக்கத்தில் விடை இல்லை என்பதே எனக்குப் பெரிய அதிர்ச்சி. முதல் சில மாதங்கள் வழிகாட்டியிடம் போய் "இது சரியா சார்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தேன். அவருக்கும் தெரியாது! (தெரிந்தால் அதை ஏன் என்னைச் செய்யச் சொல்கிறார்?)

இளநிலைப் படிப்பே வீண் என்று சொல்லவில்லை. கணக்கு, கருவியைக் கையாளும் பழக்கம், இதெல்லாம் அங்கே வந்ததுதான். ஆனால் 1967இல் ஜோசலின் பெல் என்ற ஆராய்ச்சி மாணவி, ரேடியோ தொலைநோக்கியிலிருந்து நாளுக்குச் சுமார் 30 மீட்டர் நீளத்துக்கு வந்துகொண்டிருந்த வரைதாளில் ஒரு சின்னக் கிறுக்கலை ஒதுக்காமல் விடாப்பிடியாகத் துரத்தினாரே, பல்சர் என்ற, சீராகத் துடிக்கும் ரேடியோ அலைகளை அனுப்பும் விண்மீன் கண்டுபிடிக்கப்பட்டது அப்படித்தான், அந்தப் பழக்கத்துக்கு எங்கள் பாடத்திட்டத்தில் ஒரு மதிப்பெண்கூடக் கிடையாது.

பருவத்துக்கு ஒரே ஒரு சோதனையாவது, ஆசிரியருக்கும் விடை தெரியாததாக, நாலைந்து வாரம் நீள்கிறதாகக் கொடுக்கலாம். சரி, மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்பார்கள். எதிர்பார்த்தபடி வராத ரீடிங்கை நோட்டில் அப்படியே எழுதி வைத்திருக்கிறார்களா, சந்தேகப்பட்டு மறுபடி அளந்தார்களா என்று பார்த்துப் போடுங்கள்.