ரெண்டர் நிஜமாகத் தெரியணுமா? முதலில் வெயிலைப் பாருங்கள்

சிங்கப்பூர் தேக்காவில் வடக்குப் பார்த்த ஒரு கடைவீட்டைப் புதுப்பிக்கிறார்கள். முடிந்ததும் எப்படித் தெரியும் என்று காட்ட நான் கணினியில் செய்த ரெண்டர் படத்துக்கு ஒருவழியாக ஒப்புதல் கிடைத்துவிட்டது. அப்பாடா! மாடலும் கேமரா கோணமும் வழக்கம்போல முடிந்தன. உயிரை வாங்கியது வெயில்தான்.

கடைக்கார அண்ணன் பார்த்துவிட்டு, "நல்லாத்தான் இருக்கும்மா, ஆனா நம்ம கடை மாதிரி இல்லையே" என்றார். பளபளப்பைக் குறைத்து, ரெசல்யூஷனைக் கூட்டிக் கொடுத்தேன். அதே பதில். பிறகு அவரே பிடித்தார்: "ஜூன் மாசம் முகப்புல சுள்ளுன்னு அடிக்கும். தட்டியை இறக்காம உட்கார முடியாது. இதுல பூரா நிழலா இருக்கே?"

வடிவமைப்பு அலுவலகம் அனுப்பிய ஸ்கெட்ச்அப் (முப்பரிமாண மாடல் மென்பொருள்) கோப்பைத் துருவினால், இருப்பிடம் அமெரிக்காவின் போல்டர்! அந்த மென்பொருள் பிறந்த ஊர். டெம்ப்ளேட்டில் வந்ததை யாரும் மாற்றவில்லை. அங்கே அட்சரேகை 40 டிகிரி வடக்கு, நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கேதான். நாம் இருப்பது 1.3 டிகிரியில். ஜூனில் சூரியன் நமக்கு வடக்கே போய்விடும். போதாததற்குக் கோப்பில் வடதிசையும் தப்பு. சரியான திசையைக் கேட்டால், "படத்துக்குத்தானே, ஏதாவது வைங்க" என்று பதில். கடுப்பாக இருந்தது. ஒன்மேப் இணைய வரைபடத்தில் தெருவைப் பார்த்து நானே திருப்பினேன். நேர மண்டலம் +8 என்று வைக்க மறக்காதீர்கள்; இங்கே சூரியன் உச்சிக்கு வருவதே கிட்டத்தட்ட 1 மணிக்கு.

வெயில் சரியானதும் கடைமுன் கூரையிட்ட ஐந்தடி நடைபாதை இருண்டு, முகப்பு எழுந்து நின்றது! வானத்துக்கு ஹெச்டிஆர்ஐ (காட்சிக்கு வெளிச்சம் தரும் வானப் புகைப்படம்) போடுபவர்கள் கவனியுங்கள்: அதிலும் சூரியன் இருந்து, ரெண்டர் மென்பொருளான வி-ரேயின் சூரியனும் எரிந்தால் தூணுக்கு இரண்டு நிழல் விழும். பளீர் நீல வானமும் வேண்டாம், நம் ஊர் வானம் ஈரத்தில் வெளுத்தே கிடக்கும்.

சுவரின் வெள்ளையை உச்ச அளவான 255-இல் விடாமல் 200 பக்கம் இறக்கினேன். தூண் விளிம்புகளை 3 மி.மீ. மழுக்கியதும் அங்கே மெல்லிய ஒளிக்கோடு விழுந்தது. கறையை எல்லா இடத்திலும் அப்பாதீர்கள். சன்னல் திண்டின் இரு முனைகளிலிருந்து மழைநீர் வழியும் தடம், ஏர்கான் குழாயின் கீழே கொஞ்சம் பாசி, அவ்வளவு போதும்.

அண்ணன் இந்த முறை தட்டியைப் பாதி இறக்கிக் காட்டச் சொன்னார், அத்தோடு சரி என்றுவிட்டார். வடக்கைத் திருப்பிய வேலைக்கும் சேர்த்து அலுவலகத்துக்கு பில் அனுப்பியிருக்கிறேன்.