விழுகிறவர்களைப் பிடிக்கிற படங்கள்

சூப்பர் ஹீரோ படம் வந்தால் போதும், உடையின் நிறம் சரியில்லை, காமிக்ஸில் வில்லன் இப்படிச் சாகவில்லை, கதையையே மாற்றிவிட்டார்கள் என்று ரசிகர்கள் வரிந்து கட்டிக்கொண்டு இறங்கிவிடுவார்கள். நானும் இந்தக் கதைகளைச் சின்ன வயதிலிருந்து படிக்கிறவள்தான். ஆனால் எனக்கு அந்தக் கணக்கெல்லாம் பெரிதாகப் படுவதில்லை. படம் முடிந்து வெளியே வரும்போது நான் யோசிப்பது ஒன்றுதான். இதில் காப்பாற்றப்பட்டவர்களில் ஒருவருடைய முகமாவது எனக்கு ஞாபகம் இருக்கிறதா?

இந்த அளவுகோல் என் அப்பாவிடமிருந்து வந்தது. அவர் சிவகாசியில் ஆஃப்செட் அச்சகத்தில் மெஷின் மேனாக இருந்தவர். காலண்டரும் பட்டாசு லேபிளும் ஓட்டியவர், வீட்டில் லயன் காமிக்ஸையும் முத்து காமிக்ஸையும் அட்டை கிழியாமல் அடுக்கி வைத்திருந்தார். 1972-இல் முத்து காமிக்ஸின் முதல் இதழாக வந்த இரும்புக்கை மாயாவிதான் அவருக்கு முதல் நாயகன். ஸ்பைடர் என்றால் அவருக்குச் சிலந்தி மனிதன் இல்லை, காது கூர்மையாக இருக்கிற, உலகத்தையே திருடப் பார்க்கிற அந்தப் பிரிட்டிஷ் ஸ்பைடர். பிறகு நாங்கள் மதுரைக்குக் குடி வந்தோம். டிவியில் இங்கிலீஷ் படங்கள் தமிழ் பேச ஆரம்பித்த காலத்தில், அரை மணி நேரம் கட்டடங்கள் இடிந்துகொண்டே இருப்பதைப் பார்த்துவிட்டு அப்பா கேட்பார்: "ஏந்தாயி, இவன் யாரையாச்சும் காப்பாத்துவானா, இல்ல கடைசி வரைக்கும் சண்டைதானா?"

அவர் கேட்டது சாதாரணக் கேள்வி இல்லை என்பது, 1938 ஜூன் மாத ஆக்‌ஷன் காமிக்ஸ் முதல் இதழில் வந்த சூப்பர்மேன் கதையைப் படித்தபோதுதான் எனக்குப் புரிந்தது. ஜெரி சீகல் எழுத, ஜோ ஷஸ்டர் வரைந்தது. அதில் உலகத்தை அழிக்க வருகிறவன் இல்லை. சூப்பர்மேனுக்குப் பறக்கவே தெரியாது, தாவத்தான் முடியும். அவன் செய்கிற முதல் வேலை, செய்யாத கொலைக்காக மரண தண்டனைக்குக் காத்திருக்கிற ஒரு பெண்ணைக் காப்பாற்ற ராத்திரியோடு ராத்திரியாக ஆளுநர் வீட்டுக்குள் புகுவது. அப்புறம், பெண்டாட்டியை அடிக்கிற ஒருவனைப் பிடித்துச் சுவரில் எறிவது. இந்தக் கதை வகையே இப்படித்தான் பிறந்தது. (அப்பாவின் ஸ்பைடர் கதைகளில் பலவற்றை எழுதியதும் இதே ஜெரி சீகல்தான். அப்பாவிடம் கடைசிவரை இதைச் சொல்ல முடியாமல் போனதில் எனக்கு வருத்தம் உண்டு.)

1978-இல் கிறிஸ்டோபர் ரீவ் நடித்த சூப்பர்மேன் இதை மறக்கவில்லை. முதல் ராத்திரியில் ஹெலிகாப்டரிலிருந்து விழுகிற காதலி லோயிஸைப் பிடிக்கிறான், திருடர்களைப் பிடிக்கிறான், அதே ராத்திரியில் மரத்தில் மாட்டிக்கொண்ட ஒரு பூனையை இறக்கி ஒரு சின்னப் பெண்ணிடம் கொடுக்கிறான். எல்லாம் ஒரே சிரத்தையோடு. 2013-இல் வந்த மேன் ஆஃப் ஸ்டீலில் நகரமே பொடியாகிறது. அந்தக் கட்டடங்களுக்குள் இருந்தவர்கள் யாரென்று படம் அதிகம் கவலைப்படவில்லை. கடைசியில் சூப்பர்மேன் வில்லன் ஸாடின் கழுத்தை முறித்ததற்காகத்தான் எல்லோரும் கோபப்பட்டார்கள். எனக்கு அதில் கூடக் கோபம் இல்லை. ஒரு குடும்பத்தைக் காப்பாற்ற வேறு வழியில்லாமல் செய்கிறான், அதற்காக அலறுகிறான். அதற்கு முந்தைய அரை மணி நேரம்தான் என்னால் மன்னிக்க முடியாதது. மூன்று வருஷம் கழித்து வந்த அடுத்த படம் அதே இடிபாட்டுக்குள் புரூஸ் வேனை, அதாவது பேட்மேனை, ஓடவிட்டு, தாயைப் பறிகொடுத்த ஒரு சிறுமியை அவன் கையில் கொடுத்தது. முதல் படத்தில் இருந்திருக்க வேண்டிய காட்சி அது. 2025 சூப்பர்மேனில் ராட்சத மிருகத்தோடு சண்டை நடக்கும்போது நடுவில் ஓர் அணிலைத் தூக்கிப் பத்திரமான இடத்தில் விட்டுவிட்டு வருகிறான். சிரிப்புக்காக வைத்தார்கள் என்று சிலர் சொன்னார்கள். எனக்கு அந்த அணில்தான் படம்.

சரி, என் மனசில் இருக்கிற பெரிய விஷயத்துக்கு வருகிறேன். பாலத்திலிருந்து விழுந்த க்வென் ஸ்டேஸி, ஸ்பைடர்மேனின் காதலி.

அமேஸிங் ஸ்பைடர்மேன் 121-ஆவது இதழ், ஜூன் 1973 என்று தேதி போட்டது. ஜெரி கான்வே எழுத்து, கில் கேன் சித்திரம். கிரீன் காப்ளின் என்கிற வில்லன் அவளைப் பாலத்தின் உச்சியிலிருந்து தள்ளுகிறான். ஸ்பைடர்மேன் வலையை வீசி அவள் காலைப் பிடித்துவிடுகிறான். காப்பாற்றிவிட்டோம் என்று சந்தோஷமாக மேலே இழுக்கிறான். ஆனால் வலை பிடித்த அந்தக் கட்டத்திலேயே அவள் கழுத்துக்குப் பக்கத்தில் முறிகிற சத்தம் ஒன்று சின்ன எழுத்தில் எழுதியிருக்கிறது. வசனத்தில் அது ஜார்ஜ் வாஷிங்டன் பாலம், வரைந்திருப்பது பார்க்க புரூக்ளின் பாலம் மாதிரி. ஓவியம் கற்றுக்கொடுக்கிற எனக்கு அந்தப் பிழைகூட முதல் வாசிப்பில் கண்ணில் படவில்லை. கண் அவளை விட்டு நகரவில்லை. பிடித்த கையே கொன்றுவிட்டது என்பதைவிட ஒரு நாயகனுக்கு என்ன கொடுமை வரமுடியும்?

இந்த ஒரு பக்கத்தைச் சினிமா மூன்று விதமாகத் திருப்பி எழுதியிருக்கிறது. 2002-இல் இயக்குநர் சாம் ரெய்மி பாலத்தை வைத்துக்கொண்டார், பெண்ணை மாற்றினார். காப்ளின் ஒரு கையில் மேரி ஜேனையும் இன்னொரு கையில் குழந்தைகள் நிறைந்த ரோப் காரையும் பிடித்துக்கொண்டு இரண்டையும் ஒரே நேரத்தில் விடுகிறான். ஸ்பைடர்மேன் இரண்டையும் பிடிக்கிறான். தாங்க முடியாமல் தொங்கும்போது கீழே ஒரு படகை ஓட்டிக்கொண்டு வருகிறார்கள், பாலத்தின் மேலிருந்து சாதாரண ஜனங்கள் கையில் கிடைத்ததை எடுத்துக் காப்ளின்மேல் வீசுகிறார்கள். காமிக்ஸை அப்படியே எடுக்கவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் படித்தவர்கள் ஐம்பது தடவை மனசுக்குள் ஆசைப்பட்டதை எடுத்தார். என் கட்சியில் இதுதான் நல்ல தழுவல்.

2014-இல் ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் ஸ்பைடர்மேனாக நடித்த படத்தில் பாலம் கடிகாரக் கோபுரமானது. க்வென் விழுகிறாள், பின்னாலேயே வலை போகிறது, அதன் நுனி விரல்கள் மாதிரி விரிந்து அவளைத் தொட எட்டுகிறது. அந்த ஒரு படிமத்தை யோசித்தவரை எங்கே பார்த்தாலும் கும்பிடுவேன். மற்றபடி அந்தப் படம் நெரிசல், அடுத்தடுத்த படங்களுக்கு விளம்பரம், அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிறகு 2021-இல் வேறொரு படத்தில், வேறொரு ஸ்பைடர்மேனின் காதலி விழும்போது, க்வென்னைத் தவறவிட்ட அதே ஆண்ட்ரூ கார்ஃபீல்ட் பாய்ந்து அவளைப் பிடித்துத் தரையில் இறக்குகிறார். உனக்கு ஒன்றும் இல்லையே என்று கேட்கிறார், அவர் கண் கலங்கியிருக்கிறது. அதைப் பார்த்து, நீங்கள் நலமா என்று அவள் திருப்பிக் கேட்கிறாள். 1973-இல் கில் கேன் வரைந்த கட்டத்துக்கு நாற்பத்தெட்டு வருஷம் கழித்து வந்த பதில் அது. விசில் அடித்தவர்களுக்கு நடுவில் நான் அழுதுகொண்டிருந்தேன்.

ரெய்மியின் இரண்டாவது படம், 2004, பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓடுகிற ரயிலை முன்னால் நின்று வலையால் நிறுத்துகிறான். முகமூடி இல்லை. மயங்கி விழப்போகிறவனை உள்ளே இருக்கிற பயணிகள் பிடித்து, தலைக்கு மேலே கைமாற்றிக் கைமாற்றி பெட்டிக்குள் கொண்டுபோய்க் கிடத்துகிறார்கள். நான் அதை அண்ணா நகரில் ஒரு தியேட்டரில் தமிழில் பார்த்தேன். அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக்குள் நெருக்கடியில் மூச்சுத் திணறுகிற பிள்ளையை இப்படித்தான் தலைக்கு மேலேயே கடத்தி வெளியே அனுப்புவார்கள். அந்தக் காட்சி ஓடும்போது தியேட்டரில் ஒரு சத்தம் இல்லை. அது வெளிநாட்டுப் படம் என்று அங்கே யாருக்கும் தோன்றியிருக்காது. அந்தப் பயணிகளில் ஒருவர் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, நம்ம பையன் வயசுதான் இருக்கும் என்கிற மாதிரி சொல்வாரே, அவர் முகம் எனக்கு இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நான் கேட்பதெல்லாம் இவ்வளவுதான்.

காமிக்ஸை வரிக்கு வரி காப்பாற்றினால் போதும் என்று நினைக்கிறவர்கள் வாட்ச்மென்னைப் பார்க்க வேண்டும். ஆலன் மூர் எழுதி டேவ் கிப்பன்ஸ் வரைந்த அந்தப் பன்னிரண்டு இதழ்க் கதையில், பெரும்பாலான பக்கங்கள் ஒன்பது கட்டங்களாக ஒழுங்காகப் பிரிந்திருக்கும். 2009 படத்தில் ஸாக் ஸ்னைடர் பல கட்டங்களை அப்படியே உயிர்ப்பித்தார், நிறம் முதற்கொண்டு. ஆனால் அந்தக் கதையின் உயிர் ஒரு தெருமுனைப் பேப்பர் கடையில் இருக்கிறது. கடைக்காரர் ஓயாமல் பேசிக்கொண்டே இருப்பார், பக்கத்தில் ஒரு பையன் காசு கொடுக்காமல் காமிக்ஸ் படித்துக்கொண்டிருப்பான். இதழுக்கு இதழ் அந்த முனைக்குத் திரும்பி வருவோம், அங்கே வந்துபோகிறவர்களையெல்லாம் பழகிக்கொள்வோம். கடைசியில் நகரம் அழிகிற நொடியில் கடைக்காரர் அந்தப் பையனைக் கட்டிப்பிடித்து மறைப்பார். வெளிச்சத்தில் இருவரும் கரைந்துபோவார்கள். அழிவு என்றால் என்னவென்று அங்கேதான் நமக்குத் தெரியும். தியேட்டரில் வந்த படத்தில் அந்தத் தெருமுனை வாழ்க்கை ஏறக்குறைய முழுக்கப் போய்விட்டது. முடிவை மாற்றினார் என்று ரசிகர்கள் சண்டை போட்டார்கள். முடிவை மாற்றியதில் எனக்கு வருத்தமே இல்லை. அந்தப் பேப்பர் கடைக்காரரை நமக்குப் பழக விடவில்லையே, அதுதான் குறை.

இதனாலேயே மற்ற மாற்றங்கள் எதுவும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை. ஸ்பைடர்மேன் காமிக்ஸில் வலை வீச ஒரு கருவி செய்து வைத்திருப்பான், ரெய்மி அது மணிக்கட்டிலிருந்தே வருவதாக மாற்றினார், வைத்துக்கொள்ளட்டும். 1991 காமிக்ஸில் தானோஸ் என்கிற வில்லன் மரண தேவதையின் மேல் ஆசைப்பட்டு அவளுக்காகப் பாதி உயிர்களைக் கொல்கிறான், 2018 படத்தில் ஜனத்தொகைக் கணக்கு சொல்லிக் கொல்கிறான். சினிமாவுக்கு இரண்டாவதே பொருத்தம் என்பேன். டார்க் நைட்டில் இரண்டு படகு ஜனங்கள், கையில் பொத்தானை வைத்துக்கொண்டு, எதிர்ப் படகை வெடிக்க வைக்க மாட்டோம் என்று முடிவெடுக்கிற காட்சியில் பேட்மேன் பக்கத்தில்கூட இல்லை. அந்தப் படத்தின் உச்சம் அதுதான்.

பள்ளியில் எட்டாம் வகுப்புக்கு ஒருமுறை சூப்பர் ஹீரோ வரையச் சொன்னேன். திருமங்கலம் பக்கத்துப் பிள்ளைகள், எல்லோருக்கும் எல்லா ஹீரோவும் அத்துப்படி. நாற்பது தாளிலும் முஷ்டி, தசை, நெருப்பு. மறு வாரம் ஹீரோவை ஓரத்தில் சின்னதாக வரையுங்கள், காப்பாற்றப்படுகிறவரைப் பெரிதாக வரையுங்கள் என்றேன். "மிஸ், யாரைக் காப்பாத்துறது?" என்று கேட்டார்கள். அது உங்கள் இஷ்டம் என்றேன். ஒரு பையன் வேப்பமரத்தடியில் தனியாக உட்கார்ந்திருக்கிற அவன் அப்பத்தாவை வரைந்தான். எதிலிருந்து காப்பாற்றுகிறான் என்று கேட்டதற்குச் சொல்ல மாட்டேன் என்றுவிட்டான். ஒரு பெண் கிணற்றுக்குள் விழுந்த கன்றுக்குட்டியை வரைந்தாள். அதன் கண்ணை மட்டும் ரொம்ப நேரம் அழித்து அழித்து வரைந்தாள். கிணற்று மேட்டில் குப்புறப் படுத்துக் கையை நீட்டுகிற ஹீரோவுக்கு முகமே வரையவில்லை. முதல் வாரத்துத் தாள்களைவிட இந்தத் தாள்களில் கோடு எவ்வளவோ நன்றாக இருந்தது.

கடைசியாக ஸ்பைடர்வெர்ஸ், மைல்ஸ் என்கிற பையன் ஸ்பைடர்மேன் ஆகிற அனிமேஷன் படங்கள். 2018-இல் வந்த முதல் பாகத்தை அப்பா பார்த்திருந்தால் முதல் நிமிஷத்திலேயே நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார். அச்சில் வருகிற புள்ளிகள் அப்படியே திரையில் இருக்கும். தூரத்தில் இருக்கிற பொருளை மங்கலாகக் காட்டுவதற்கு நிறங்களை ஒன்றிலிருந்து ஒன்று விலக்கி வைத்தார்கள், நான்கு கலரில் ஒன்று மற்றவற்றோடு பொருந்தாமல் ரிஜிஸ்டர் விலகி ஓடிய தாள் மாதிரி. சிவகாசியில் எதை வேஸ்ட் என்று ஓரமாகத் தள்ளுவார்களோ, அதை அழகாக்கினார்கள். காட்டுக்குள் பழைய ஸ்பைடர்மேனான பீட்டரும் மைல்ஸும் தாவிப் போகிற இடத்தைக் கவனித்துப் பாருங்கள். நொடிக்கு 24 சட்டகம். பீட்டரின் உடம்பு ஒவ்வொரு சட்டகத்திலும் அசைகிறது. மைல்ஸின் உடம்பு இரண்டு சட்டகத்துக்கு ஒருமுறைதான் அசைகிறது. புதுப் பையனின் தடுமாற்றத்தை வசனமே இல்லாமல் அப்படிச் சொன்னார்கள்.

2023-இல் வந்த இரண்டாம் பாகம் இன்னும் மேலே போய்விட்டது. பவித்ர் பிரபாகர் என்கிற இந்திய ஸ்பைடர்மேனின் கற்பனை நகரமான மும்பாட்டனில் பாலம் இடிந்து விழுகிறது. (இந்த இந்திய ஸ்பைடர்மேனை 2004-லேயே ஜீவன் காங் வேட்டி கட்டி வரைந்துவிட்டார்.) பவித்ரின் காதலியுடைய அப்பாவான இன்ஸ்பெக்டர் சிங்கையும் ஒரு குழந்தையையும் மைல்ஸ் காப்பாற்றுகிறான். அதுதான் குற்றம் என்கிறார்கள்! ஒவ்வொரு ஸ்பைடர்மேன் கதையிலும் ஒரு போலீஸ் அதிகாரி சாக வேண்டும், அது விதி, அதைக் கலைத்தால் அந்த உலகமே கலைந்துபோகும் என்று மிகேல் என்கிற ஸ்பைடர்மேன் வாதாடுகிறான். அடுத்துச் சாகவேண்டியவர் மைல்ஸின் சொந்த அப்பா. ஐம்பது வருஷமாகக் காமிக்ஸ் ரசிகர்கள், க்வென் செத்தால்தான் ஸ்பைடர்மேன் ஸ்பைடர்மேன் ஆவான் என்று சொல்லிவந்த வாதத்தை அப்படியே ஒரு வில்லத்தனமாக்கி நம் முன்னால் நிறுத்துகிறது அந்தப் படம். இவ்வளவு துணிச்சலை வேறெந்தத் தழுவலிலும் நான் பார்த்ததில்லை.

மூன்றாம் பாகத்துக்காகக் காத்திருக்கிறேன். மைல்ஸின் அப்பா சாகத்தான் வேண்டும், இல்லாவிட்டால் கதைக்குக் கனம் இருக்காது என்று எங்கள் வீட்டிலேயே ஒரு கட்சி இருக்கிறது. என் தம்பிதான் அதற்குத் தலைவன். நான் ஒத்துக்கொள்ளவில்லை. அவரைக் காப்பாற்ற வேண்டும், அந்த உலகமும் கலையாமல் இருக்க வேண்டும், அதற்கு வழி கண்டுபிடிப்பது கதை எழுதுகிறவர்களின் வேலை. நீங்கள் எந்தக் கட்சி என்று சொல்லுங்கள், தம்பியிடம் காட்ட வேண்டும்.